கேட்கக் கூடாது என்று எந்த வசனம் சொன்னது?

தீர்க்கதரிசனக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: "ஊழியக்காரர் சொன்னது நடக்கவில்லை என்றால் அவரிடமே போய் ஏன் என்று கேட்பீர்களா?" பதறிவிடுவார்கள். "ஐயோ, அதெல்லாம் கேட்கக் கூடாதுங்க. தீர்க்கதரிசனத்தை அற்பமா நினைக்கக் கூடாதுன்னு வசனமே இருக்கே!" என்பார்கள்.

வசனம் இருப்பது உண்மை. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம், 5ஆம் அதிகாரம், 20ஆம் வசனம். தீர்க்கதரிசனங்களை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். நம் சபைகளில், குறிப்பாகப் பெந்தெகொஸ்தே, கரிஸ்மாட்டிக் வட்டாரங்களில், இந்த ஒற்றை வரி மேடைக்கும் சபைக்கும் நடுவே மதிலாக நிற்கிறது. மேடையிலிருந்து வார்த்தை வரலாம். மேடையை நோக்கிக் கேள்வி போகக் கூடாது. கேட்டவர் விசுவாசத்தில் குறைந்தவர், ஆவியை அவித்துப்போடுகிறவர், சில இடங்களில் பிசாசின் பிடியில் இருப்பவர் என்றே பெயர் வாங்குவார்.

இந்தக் கருத்து தவறு. எந்த வசனத்தின் மேல் நிற்பதாகச் சொல்கிறதோ, அந்த வசனமே இதைக் கீழே தள்ளிவிடுகிறது. தீர்க்கதரிசனத்தைச் சோதித்துப் பார்க்கிறவர்தான் அதை மதிக்கிறார். சோதிக்காமல் தலையாட்டுகிறவரே அதை அற்பமாக எண்ணுகிறார்.

தீர்க்கதரிசன வரம் அப்போஸ்தலரோடு முடிந்துபோயிற்று, இன்று அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்லும் தரப்பும் உண்டு. நான் அந்தத் தரப்பில் நின்று பேசவில்லை. அவர்கள் வழி சுலபமானது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளிவிட்டால் எதையும் சோதிக்கும் வேலை மிச்சம். எல்லாவற்றையும் ஒரேயடியாக விழுங்குகிறவர்களுக்கும் அதே வேலைதான் மிச்சம். பவுல் இந்த இரண்டு தரப்புக்குமே அந்தச் சலுகையைத் தரவில்லை.

அக்கம்பக்கத்து வசனங்கள்

20ஆம் வசனம் தனியாக நிற்கவில்லை. 19 முதல் 22 வரை குட்டிக் குட்டிக் கட்டளைகள் மூச்சுவிடாமல் வருகின்றன. ஆவியின் நெருப்பை அணைக்க வேண்டாம், தீர்க்கதரிசனத்தை இளக்காரம் செய்ய வேண்டாம் என்று முதலில் இரண்டு தடைகள். உடனே, அனைத்தையும் பரிசோதிக்கவும், தேறிய நல்லதை விடாமல் வைத்துக்கொள்ளவும், தீயதிலிருந்து ஒதுங்கவும் மூன்று கட்டளைகள். பேச்சு தீர்க்கதரிசனத்தைப் பற்றி நடந்துகொண்டிருக்கும்போதுதான் பரிசோதிக்கும் கட்டளை வருகிறது. அப்படியிருக்க, மேடையில் 20ஐ மட்டும் வாசித்துவிட்டு வேதப்புத்தகத்தை மூடுவது எந்த வகையில் நியாயம்?

இந்தக் கட்டளை யாருக்கு என்பதும் முக்கியம். "சோதிக்கிற வேலை மூப்பர்களுக்கும் ஊழியர்களுக்கும் உரியது, சாதாரண விசுவாசிக்கு என்ன தெரியும்" என்று சொல்கிறார்கள். கடிதத்தையே கேட்போம். தங்கள் கைகளால் உழைத்துப் பிழைக்கும்படி 4ஆம் அதிகாரத்தில் புத்தி சொல்லப்படுகிற மக்கள் அவர்கள். கடிதத்தின் முடிவில், சகோதரர் எல்லாருக்கும் இதை வாசித்துக் காட்டியே ஆக வேண்டும் என்று பவுல் ஆணையிட்டுக் கேட்கிறார். துறைமுக நகரத்துக் கைத்தொழிலாளிகள் கூடி உட்கார்ந்து கேட்ட கட்டளை இது. கொரிந்து சபைக்கு எழுதும்போதும் பவுல் இதையே முறையாக வகுக்கிறார்: இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லட்டும், மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்கட்டும் என்கிறார். சொல்கிறவர் ஒருவர், எடைபோடுகிறவர் வேறொருவர். சொன்னவரே தன் வார்த்தைக்குச் சான்றிதழும் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பவுலின் சபையில் இல்லை.

கடிதம் எழுதப்பட்ட காலத்தையும் பாருங்கள். கி.பி. 50ஐ ஒட்டி, கொரிந்திலிருந்து எழுதப்பட்டது. புதிய ஏற்பாட்டு நூல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இன்று நாம் வாசிக்கும் நான்கு சுவிசேஷங்களும் அந்தச் சபையின் கையில் இல்லை. வாயால் கேட்ட போதனையும் பழைய ஏற்பாடும்தான் அவர்களிடம் இருந்த அளவுகோல். அவ்வளவே கையிலிருந்தவர்களிடம் சோதித்துப் பாருங்கள் என்றார் பவுல். தமிழில் புதிய ஏற்பாடு 1715இலேயே தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து முழுமையாக வந்துவிட்டது. மூன்று நூற்றாண்டுகளாக வேதத்தைக் கையில் வைத்திருக்கிற நாம், அன்றைய தெசலோனிக்கேயருக்கு இருந்த உரிமையைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

பவுல் இதை வெறும் கொள்கையாகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்து சொன்னார். தெசலோனிக்கேயில் கலகம் மூண்டு, யாசோனின் வீட்டைக் கூட்டம் வளைத்தபின், இரவோடு இரவாகப் பவுலும் சீலாவும் பெரோயாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரோயா மக்கள் பவுல் சொன்னதை ஆர்வத்தோடு ஏற்றார்கள்; ஏற்றுக்கொண்டே, அது சரிதானா என்று நாள்தோறும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைக் குறை சொல்கிறதா? தெசலோனிக்கேயாரைவிட நற்குணமுள்ளவர்கள் என்று பாராட்டுகிறது. சோதிக்கப்பட்டவர் பவுல்! அவர் முகம் சுளிக்கவில்லை. பவுலைச் சோதித்தவர்களுக்குப் பாராட்டு, நம் ஊர் ஊழியக்காரரைச் சோதித்தவர்களுக்குச் சாபமா?

கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். அவர் ரிசர்வ் வங்கியை அவமதிக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல நோட்டுக்கு மதிப்பு இருப்பதால்தான் அந்தச் சோதனையே நடக்கிறது.

சங்கீதம் 105 யாரைக் காக்கிறது?

அடுத்த ஆயுதம் சங்கீதம் 105, 15ஆம் வசனம். தேவன் அபிஷேகம் செய்தவர்களைத் தொடக் கூடாது, அவருடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்கு இழைக்கக் கூடாது என்கிற வசனம் அது. ஊழியக்காரரின் கணக்கு வழக்கைக் கேட்டாலும் இதுதான் பதில். சொன்னது நடக்கவில்லையே என்றாலும் இதுதான் பதில்.

அந்தச் சங்கீதத்தில் 12ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைப் பற்றிய பேச்சு. எண்ணிக்கையில் கொஞ்சப் பேர், சொந்த நிலமில்லாதவர்கள், நாடு நாடாக அலைந்த பரதேசிகள். அவர்களை ஒடுக்கிவிடாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்கிறது பாட்டு. எச்சரிக்கை யாருக்கு? படையும் அதிகாரமும் உள்ள அரசர்களுக்கு. பாதுகாப்பு யாருக்கு? நாதியற்ற நாடோடிகளுக்கு. ஆயிரக்கணக்கானோர் கூடும் மேடையில், பாதுகாவலர் புடைசூழ நிற்கிறவர் இந்த வசனத்தை எடுத்து, மாதச் சம்பளத்தில் தசமபாகம் கொடுக்கும் ஒரு விசுவாசியை மிரட்டுவது, வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆபிரகாமைத் தேவன் தீர்க்கதரிசி என்று சொன்ன இடம் ஆதியாகமம் 20. கேராரின் ராஜா அபிமெலேக்கின் கதை. உயிருக்குப் பயந்த ஆபிரகாம், சாராளைத் தன் சகோதரி என்று சொல்லிவிட, ராஜா அவளை அழைத்துக்கொண்டுபோனான். கனவில் தேவன் தடுத்தார். அவளைத் திருப்பி அனுப்பு, அவன் தீர்க்கதரிசி என்றார். விடிந்ததும் ராஜா என்ன செய்தான்? ஆபிரகாமைக் கூப்பிட்டு, எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய், நான் உனக்கு என்ன குற்றம் செய்தேன் என்று நேருக்கு நேர் கேட்டான். தீர்க்கதரிசி சமாதானம் சொல்லித் தடுமாறினார். கேள்வி கேட்டதற்காக அபிமெலேக்கைத் தேவன் கண்டிக்கவில்லை. தீர்க்கதரிசி என்ற பெயர் வேதத்தில் முதன்முதலாக வரும் இடத்திலேயே, தவறு தீர்க்கதரிசியின் பக்கமும் நியாயமான கேள்வி மற்றவன் பக்கமும் இருக்கின்றன. தீங்கு செய்யாதே என்பது வேறு, கேட்காதே என்பது வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

தாவீது அபிஷேகம் பெற்ற ராஜா. நாத்தான் அவர் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னார். பேதுரு அப்போஸ்தலர், அந்தியோகியாவில் பவுல் எல்லார் முன்பாகவும் அவரை எதிர்த்துப் பேசினார். சவுலின் மேல் கைவைக்க மறுத்த தாவீதே, ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று அவனைத் தூரத்திலிருந்து கூவிக் கேட்டார். கைவைக்கவில்லை, வாய்மூடவும் இல்லை.

இதோடு பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் என்ற பயமுறுத்தலும் வரும். மத்தேயு 12இல் இயேசு அந்த எச்சரிக்கையை விடுத்தது பரிசேயரின் பேச்சை முன்னிட்டு. ஒருவன் சுகம்பெற்றதைக் கண்ணால் பார்த்த பிறகும், இது பிசாசுகளின் தலைவனுடைய வேலை என்று சொன்ன சமயத் தலைவர்கள் அவர்கள். வந்த வார்த்தை தேவனிடமிருந்துதானா என்று நடுக்கத்தோடு வேதத்தைப் புரட்டுகிறவரை அந்த வரிசையில் நிறுத்த முடியாது. யோவானின் முதல் கடிதம், எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதித்தறியுங்கள் என்கிறது. வேதம் கட்டளையிட்ட காரியம் வேதத்துக்கு விரோதமான பாவமாக எப்படி ஆகும்?

"ஆனால் சொன்னது நடந்ததே!"

இது கொஞ்சம் வலுவான வாதம். "என் பெயரைச் சொன்னார், என் தெருவைச் சொன்னார், என் வீட்டில் உள்ள நோயைச் சொன்னார். இது தேவனிடமிருந்து வராமல் எப்படி?" என்று கண்ணீரோடு கேட்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் துல்லியம் ஒன்றே போதும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

உபாகமம் 18, சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது. அந்தப் பக்கத்தை எல்லாரும் அறிவார்கள். அதற்கு ஐந்து அதிகாரம் முன்னே, 13இல், இன்னும் கூர்மையான எச்சரிக்கை இருக்கிறது. ஒருவன் சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், அவன் உங்களை வேறு தெய்வங்களிடம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்க வேண்டாம். நடக்காதது பொய் என்று நிரூபிக்கப் போதும். நடந்தது மெய் என்று நிரூபிக்கப் போதாது.

பவுலுக்கு இது அனுபவம். தெசலோனிக்கேக்கு வருமுன் அவர் பிலிப்பியில் இருந்தார். அங்கே குறிசொல்லும் ஆவியுள்ள அடிமைப்பெண் ஒருத்தி பல நாள் அவர் பின்னாலேயே வந்து, இவர்கள் உன்னதமான தேவனின் ஊழியக்காரர் என்று கூவினாள். சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனாலும் பவுல் அந்த ஆவியைத் துரத்தினார். அதனால் கோபம் கொண்டவர்கள் யார்? அவளுடைய வாய்வார்த்தையால் நல்ல வருமானம் பார்த்துவந்த எஜமான்கள். துல்லியமான வார்த்தை, அதன் பின்னால் ஒரு கல்லாப்பெட்டி. அந்தப் பாதையில் நடந்துவந்த மனிதர்தான் சோதித்துப் பாருங்கள் என்று எழுதினார்.

நம் காலத்தில் துல்லியம் எப்படி உற்பத்தியாகும் என்பதற்குப் பதிவான உதாரணம் உண்டு. அமெரிக்காவில் பீட்டர் போப்போஃப் என்ற பிரசங்கியார் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வந்தவர்களின் பெயர், முகவரி, நோய் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக் கலைஞர் தம் குழுவினரோடு ஸ்கேனர் கருவி கொண்டு அரங்கத்தின் வானொலி அலைகளை ஒட்டுக்கேட்டார். 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல் கிடைத்தது. அது போப்போஃபின் மனைவியின் குரல். கூட்டம் தொடங்குமுன் மக்களிடம் பேசியும், அவர்கள் எழுதிக் கொடுத்த ஜெபச் சீட்டுகளைப் பார்த்தும் திரட்டிய விவரங்களை அவர் மேடைக்குப் பின்னாலிருந்து வாசிக்க, கணவரின் காதுக்குள் இருந்த சிறு கருவியில் அது ஒலித்தது. அந்தப் பதிவு தேசியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. மறு ஆண்டு அவர் திவாலானதாக அறிவித்தார்.

எல்லாரும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஜெபச் சீட்டில் பெயர், ஊர், தொலைபேசி எண், பிரச்சினை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முன்பதிவுப் படிவத்தையும் நிரப்பிவிட்டு, பேஸ்புக்கில் குடும்பப் படங்களையும் போட்டுவைத்திருக்கும் காலத்தில், பெயரைச் சொன்னார் என்பது மட்டும் தெய்வச் சான்றாகாது என்றுதான் சொல்கிறேன். 1986இல் அதற்கு ஒரு வானொலிக் கருவி தேவைப்பட்டது.

நடக்காதபோது யார் தலையில் பழி?

ஒரு கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் ஒரே சுரம் மெல்ல நீண்டுகொண்டிருக்கிறது. ஊழியக்காரர் கண்ணை மூடித் திறந்து, "மூணாவது வரிசை, பச்சைச் சேலை, எழுந்து நில்லும்மா. மூணு வருஷமா ஒரு காரியம் உன் வீட்டுல தடைபட்டு நிக்குது. ஆகஸ்ட் மாசத்துக்குள்ள கர்த்தர் அந்த வாசலைத் திறப்பார்" என்கிறார். அந்தம்மாவுக்குக் கண்ணீர் பெருகுகிறது. மகளின் கல்யாணம் என்று அவர் மனசு எடுத்துக்கொள்கிறது. கூட்டம் கைதட்டுகிறது. ஆகஸ்ட் வருகிறது, போகிறது. மேடை அடுத்த ஊருக்குப் போய்விட்டது. தொலைபேசியில் கேட்டால், உதவியாளர் ஒருவர் சொல்கிறார்: "வீட்டுல ஏதோ பாவம் இருக்கு, பாருங்கம்மா. இல்லேன்னா விசுவாசம் குறைஞ்சிருக்கும். யோனா சொன்னதும் நடக்கலியே, தீர்க்கதரிசனம் நிபந்தனைக்கு உட்பட்டது."

இதைவிடக் கொடுமையான வாதம் இல்லை. யோனாவின் கதை என்ன? நாற்பது நாளில் நினிவே அழியும் என்றார். ராஜா முதல் எல்லாரும் சாக்குத்துணி கட்டி மனம் திரும்பினார்கள், தேவன் இரங்கினார். அங்கே மாறியது மக்களின் நடத்தை, அதனால் கிடைத்தது உயிர்ப்பிச்சை. எச்சரிக்கை பலித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அந்தக் கதையைக் கொண்டுவந்து, மகளுக்கு வரன் அமையாத தாயின் தலையில் பாவக் குற்றத்தைச் சுமத்துவது, யோனாவுக்கும் நியாயமில்லை, அந்தத் தாய்க்கும் நியாயமில்லை. நடந்தால் பெருமை ஊழியக்காரருக்கு, நடக்காவிட்டால் பழி விசுவாசிக்கு என்ற கணக்கில் ஒருபோதும் நஷ்டம் வராது. நஷ்டமே வராத கணக்கைச் சோதனை என்று சொல்ல முடியுமா?

இங்கே நினைவுக்கு வர வேண்டியவர் எரேமியா. 28ஆம் அதிகாரத்தில், தேவாலயத்தில் ஆசாரியரும் ஜனங்களும் பார்த்திருக்க, கழுத்தில் நுகத்தடியோடு அவர் நிற்கிறார். எதிரே அனனியா என்ற தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் பாபிலோன் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்கள் திரும்பும், சிறைப்பட்டுப் போன ராஜாவும் மக்களும் திரும்புவார்கள் என்று கர்த்தரின் பெயரால் முழங்குகிறார் அனனியா. கேட்க எவ்வளவு இனிமை! எரேமியா ஆமென், அப்படியே ஆகட்டும் என்கிறார். தொடர்ந்து ஒரு அளவுகோலையும் வைக்கிறார்: சமாதானம் வரும் என்று சொல்கிறவன் தேவனால் அனுப்பப்பட்டவனா என்பது, அவன் சொன்னது நடக்கும்போதுதான் தெரியும். இனிப்பான வார்த்தைக்குத்தான் கூடுதல் சோதனை. அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தார். கைதட்டல் அவருக்கே கிடைத்திருக்கும். அந்த வருஷமே அவர் இறந்தார். சில ஆண்டுகளில் எருசலேமும் விழுந்தது.

அடுத்த அதிகாரத்தில் நம் வீட்டு நாட்காட்டிகள் எல்லாவற்றிலும் தொங்கும் வசனம் இருக்கிறது: எரேமியா 29:11. நல்ல எதிர்காலத்தைத் தேவன் நினைத்து வைத்திருக்கிறார் என்ற வாக்குத்தத்தம். அதற்கு மேலே உள்ள மூன்று வசனங்களை யாரும் அச்சிடுவதில்லை. உங்கள் நடுவே இருக்கும் தீர்க்கதரிசிகள் உங்களை ஏமாற்ற இடம்கொடுக்க வேண்டாம், எழுபது ஆண்டுகள் ஆகும் என்கின்றன அவை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதை வாசித்த பெரியவர்கள் பெரும்பாலோர் திரும்பிப் போய் எருசலேமைப் பார்த்திருக்க மாட்டார்கள். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற ஊரின் நலத்துக்காக ஜெபியுங்கள் என்று சொன்ன தீர்க்கதரிசிக்கு அன்றும் கூட்டம் சேரவில்லை.

சபை பட்ட பாடு

முதல் நூற்றாண்டின் முடிவையொட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ தொகுக்கப்பட்ட "திதகே" என்ற சிறு நூல், 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. சோதிக்கக் கூடாது என்பவர்களுக்குச் சாதகமான ஒரு கட்டளை அதில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை: ஆவியில் பேசிக்கொண்டிருக்கும் தீர்க்கதரிசியை நியாயந்தீர்க்க வேண்டாம் என்கிறது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. ஆவியில் பேசுகிற எவனும் தீர்க்கதரிசி ஆகிவிடமாட்டான், கர்த்தருடைய நடத்தை அவனிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஆவியில் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு விருந்துக்கு உத்தரவிட்டு, அதைத் தானே சாப்பிடுகிறவன் பொய்யன். ஆவியின் பெயரால் எனக்குப் பணம் கொடு என்கிறவனுக்குச் செவிகொடுக்க வேண்டாம். ஏழைக்காகக் கேட்டால் மட்டும் அவனைக் குறை சொல்லாதீர்கள். காணிக்கைக் கவரை நீட்டிவிட்டுத் தீர்க்கதரிசனம் சொல்லும் வழக்கத்துக்கு ஆதித் திருச்சபை எழுதிய தீர்ப்பு இது.

இரண்டாம் நூற்றாண்டில் பிரிகியாவில் மொந்தானுவும் இரண்டு தீர்க்கதரிசினிகளும் எழுப்பிய அலை பெரியது. அவர்களில் ஒருவரான மாக்சிமில்லா போர்களும் கலகங்களும் வரும் என்று சொல்லியிருந்தார். அவர் இறந்து 13 ஆண்டுகளுக்கு மேலாகிறது, எங்கே அந்தப் போர் என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதிக் கேட்டதை யூசேபியு தம் சபை வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார். தேதியைக் குறித்துவைத்து, பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்பது நாத்திகர் கண்டுபிடித்த குறும்பு இல்லை. சபையின் பழைய பழக்கம்.

கபடம் இல்லாதவர்களும் தவறுவார்கள் என்பதால்தான் இந்தப் பழக்கம் வேண்டும். திருவிதாங்கூரில் 1870களில் எழுந்த எழுப்புதலின் தலைவர்களில் ஒருவர், வித்வான் குட்டி என்றழைக்கப்பட்ட யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். அவர் எழுதிய பாடல்கள் மலையாளச் சபைகளில் இன்றும் ஒலிக்கின்றன. 1881இல் கிறிஸ்து வருவார் என்ற தீர்க்கதரிசனத்தை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நம்பி அறிவித்தார்கள். 1881 வந்து போயிற்று. கூட்டம் யூயோமயம் என்ற தனிச் சபையாக ஒதுங்கிப்போயிற்று. உண்மையுள்ள மனம் ஒன்றே பிழையிலிருந்து காக்காது.

அமெரிக்காவில் 2020 தேர்தலில் டிரம்ப் மீண்டும் வெல்வார் என்று பல பிரபல தீர்க்கதரிசிகள் கர்த்தரின் பெயரால் சொன்னார்கள். நடக்கவில்லை. வெளிப்படையாக மன்னிப்புக் கேட்ட ஜெரமையா ஜான்சனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தவறாகச் சொன்னதற்காக அல்ல, தவறு என்று ஒப்புக்கொண்டதற்காக! கேள்வி கேட்காமல் நம்பப் பழகிய கூட்டம் கடைசியில் தீர்க்கதரிசியின் மனந்திரும்புதலைக்கூடத் தாங்காது. 2021இல் கரிஸ்மாட்டிக் தலைவர்கள் பலர் கையெழுத்திட்டு, பொதுவில் சொன்ன தீர்க்கதரிசனம் தவறினால் பொதுவிலேயே பொறுப்பேற்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். தீர்க்கதரிசன வரத்தை நம்புகிறவர்களே எழுதியது அது.

அகபு சொன்னபோது என்ன நடந்தது?

அப்படியானால் இன்று இந்த வசனத்தைக் கைக்கொள்வது எப்படி? அப்போஸ்தலர் நடபடிகளில் அகபு என்ற தீர்க்கதரிசி இரண்டு முறை வருகிறார். இரண்டுமே பாடம்.

முதல் முறை அந்தியோகியாவில். பெரும் பஞ்சம் வரும் என்று சொன்னார். கிலவுதியு ராயன் காலத்தில் அது வந்தது. கேட்ட சபை என்ன செய்தது? அவரவர் சக்திக்குத் தக்கபடி பணம் திரட்டி, யூதேயாவில் இருந்த சகோதரருக்கு அனுப்பியது. அகபுவுக்குக் காணிக்கை போனதாக ஒரு வார்த்தைகூட இல்லை. வார்த்தை வந்தது, பசித்தவர் வயிற்றுக்கு உணவு போயிற்று.

இரண்டாம் முறை செசரியாவில். பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்கு உரியவரை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றார். எல்லாரும் போக வேண்டாம் என்று அழுதார்கள். இதற்குமுன் தீருவிலும் சீஷர்கள் ஆவியின் ஏவுதலால் தடுத்திருந்தார்கள். பவுல் கேட்டுக்கொண்டார், ஆனாலும் போனார். தீர்க்கதரிசனத்தை மீறிவிட்டாய் என்று ஒருவரும் சபிக்கவில்லை. கர்த்தருடைய சித்தப்படி ஆகட்டும் என்று அமர்ந்தார்கள். தீர்க்கதரிசி சொல்வார், முடிவெடுக்கிற பொறுப்பு கேட்டவருடையது. யாரைக் கல்யாணம் செய்வது, வேலையை விடுவதா, நிலத்தை விற்பதா என்று இன்னொருவர் வாழ்க்கைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அகபுவுக்கு இருக்கவில்லை. நம் ஊழியக்காரர்களுக்கு எப்படி வந்தது?

ஆகவே ஒரு வார்த்தை வந்தால் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தேதியோடு எழுதிவையுங்கள், செல்பேசியில் பதிவுசெய்தால் இன்னும் நல்லது. உங்கள் சபையில் விவேகமுள்ள இரண்டு மூன்று பேரிடம், ஊழியக்காரருக்கு வேண்டியவர்களாக இல்லாதவர்களிடம், வாசித்துக் காட்டுங்கள். வேதத்தின் போக்குக்கு ஒத்துவருகிறதா, அல்லது ஒரு வசனத்தின் துண்டில் தொங்குகிறதா என்று பாருங்கள். இதனால் யாருடைய கணக்கில் பணம் சேர்கிறது என்று பாருங்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்து, இன்சுலினைத் தூக்கிப் போடு என்று சொன்னால், சோதிக்கவே வேண்டாம், எழுந்து வெளியே வந்துவிடுங்கள். தேறியதை நன்றியோடு பற்றிக்கொள்ளுங்கள். ஆறுதலும் புத்தியும் தருகிற வார்த்தை வந்திருந்தால் அதைச் சந்தேகத்தின் பெயரால் வீணாக்கவும் வேண்டாம். 20ஆம் வசனம் அதையும்தான் கேட்கிறது.

வெளிப்படுத்தின விசேஷத்தில், தங்களை அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சோதித்துப் பொய்யரென்று கண்டுபிடித்ததற்காக எபேசு சபை பாராட்டுப் பெறுகிறது. தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்ட ஒருத்தியைப் பொறுத்துக்கொண்டதற்காகத் தியத்தீரா சபை கண்டனம் பெறுகிறது. சோதித்ததற்காகக் கண்டிக்கப்பட்ட சபை, அந்த நூல் பேசும் ஏழு சபைகளில் ஒன்றுகூட இல்லை.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கான தீர்க்கதரிசன வார்த்தை சொல்லப்படும். அதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். போன வருஷம் இதே மேடையில் சொன்னவற்றை ஒவ்வொன்றாக வாசியுங்கள். நடந்தது எது, நடக்காதது எது என்று சபைக்கு முன் சொல்லுங்கள். நடக்காததற்குப் பொறுப்பு மேடையுடையது என்றும் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை வாசிக்க மனமில்லாத மேடை, அடுத்த வருஷத்துக்காகக் கர்த்தரின் பெயரைச் சொல்லத் தகுதியில்லாதது.